நாப்பத்தாறு மூடியும் ஒரு வெள்ளிக்கிழமையும்

சவாயி
மே 16, சனி

அண்ணே அண்ணே அண்ணே, ஜூன் ஒண்ணாந்தேதி ரக்பி மேட்ச் முடிஞ்ச கையோட, சர்ச் ஹால்ல, மொத்த ஊர் முன்னாடி, உங்க டீம் எங்க டீம் நாப்பத்தாறு பேர் பொறந்தநாளையும் வெச்சு உன் தங்கச்சி கணக்கு செஞ்சு காட்டப் போறா!!!

இப்ப மூச்சு விட்டுக்கறேன். நல்லா இருக்கியா? பெரியம்மா முட்டி வலி தேவலையா? அம்மா கோகோ வறுத்து வெச்சிருக்காங்க, மேட்சுக்கு வர்றப்ப எடுத்துட்டுப் போவியாம்.

விஷயத்துக்கு வர்றேன். ரீசார்ஜ் கடையில ஈ ஓட்டிட்டு உக்காந்திருந்தப்ப வீடியோ பார்த்துப் பார்த்து எனக்கு இந்த வாய்ப்புக் கணக்குப் பைத்தியம் பிடிச்சது உனக்குத் தெரியும். ஸ்கூல்ல கணக்குல ஃபெயில் ஆனவ இன்னைக்கு 'பாதிக்குப் பாதி'ன்னு நெட்ல ஒரு பக்கம் நடத்தறா, சனிக்கிழமை சனிக்கிழமை சர்ச் ஹால்ல புள்ளைங்க கூடறாங்க. புதிர் போடறேன். அடிச்சுக்கறாங்க. ஒரு புள்ளைகூட பாதியில எந்திரிச்சுப் போறதில்ல. என்கிட்ட இதைவிட பெருசா எதுவும் இல்ல அண்ணே.

போன வாரம் பாட்டில் மூடியைச் சுண்டிட்டு இருந்தோம். மல்லாக்க விழறதும் குப்புற விழறதும் சமமான்னு கேள்வி. மூடி காசு மாதிரி இல்லையே, ஒரு பக்கம் குழி. புள்ளைங்க "மல்லாக்கா! குப்புற!"ன்னு கத்த, போதகரம்மா வந்து நின்னுட்டாங்க.

"பெனினா, தேவனோட வீட்டுல சூதாட்டமா?"

"காசு இல்லம்மா. மூடிதான்."

"இன்னைக்கு மூடி, நாளைக்குக் காசு."

"அம்மா, சூதாடறவன் ஏன் தோக்கறான்னு சொல்ற கணக்கும்மா இது."

பின்னாடியிருந்து ஒரு வாண்டு, "போன வாரம் நீங்க இதே ஹால்ல காசு கட்டி பிங்கோ ஆடினீங்களே?"ன்னு கேட்டுருச்சு.

"அது சர்ச் கூரை நிதிக்கு!"

ஹால் சாவியைக் கேட்டாங்க. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஜூன் ஒண்ணு மேட்சுக்கு நாப்பத்தாறு பேர் வர்றாங்க. அதுல ஒரே தேதியில பொறந்தவங்க ரெண்டு பேராவது இருப்பாங்க. இருபது தடவை செஞ்சா பத்தொன்பது தடவை இருப்பாங்க"ன்னேன்.

"அந்த ஒரு தடவை?"

"அது அன்னைக்கு வராதும்மா."

"வரலேன்னா ஹால் உனக்கு. வந்தா சாவி எனக்கு, மூடி குப்பைக்கு."

கை கொடுத்துட்டேன்!!! உங்க பசங்க எல்லாரையும் சம்மதிக்க வை. எங்க முன்வரிசை செமிசி இருக்கானே, எருமை மாதிரி ஒடம்பு, பூனைக்குட்டி மாதிரி மனசு, அவன் இப்பவே பெரிய பாய்ல கரிக்கட்டியால வருஷத்துக்கே கட்டம் போட்டுட்டு இருக்கான்.

அன்போட குதிச்சுட்டே,
பெனினா

---

பாங்கோ பாங்கோ
மே 15, வெள்ளி

அன்புத் தங்கச்சி பெனிக்கு,

தேதியைப் பார்த்தியா? உன் கடிதம் ஃபோன்ல வந்த கையோட, நீ எழுதினதுக்கு முந்தின நாளே பதில் போட்டுட்டேன். அண்ணன் வேகம் அப்படி.

நாங்க மட்டும் ஒழுங்கா இருந்த இடத்துலயே இருக்கோம். உங்க ஆளுங்கதான் எங்களைவிட ஒரு நாள் முன்னாடி ஓடணும்னு ஆசைப்பட்டு, அந்த வருஷம் தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தாவி, வியாழக்கிழமை படுத்து சனிக்கிழமை எந்திரிச்சீங்க. நடுவுல நாடே முழுங்கின வெள்ளிக்கிழமை எது தெரியுமா? டிசம்பர் முப்பது. என் பொறந்தநாள்! நான் இங்க கேக் தின்னுட்டு சித்திக்கு ஃபோன் போட்டா, "எங்களுக்கு இன்னைக்கு முப்பத்தொண்ணாயிடுச்சு ராசா, உன் நாளே வரலை"ங்கறாங்க. நீ அப்ப வாயில விரல் வெச்சுட்டுத் திரிஞ்ச வயசு.

சரி, உன் சவாலுக்கு வர்றேன். மீன் டப்பா ஃபேக்டரியில ஷிஃப்ட் முடிஞ்சு பசங்ககிட்ட சொன்னேன். எங்க கேப்டன் சிரிச்ச சிரிப்புல ஒரு தட்டு மீன் கீழ விழுந்துருச்சு. "வருஷத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள். பாதி வாய்ப்புக்கே நூத்தி எண்பத்திமூணு பேர் வேணும். உன் தங்கச்சிக்குக் கழிக்கத் தெரியுமா?"ன்னான். எனக்குக் கோவம் வந்துச்சு. தங்கச்சியைப் பத்தி ஒருத்தன் சிரிச்சா அண்ணன் சும்மா இருந்தான்னு வெளிய தெரியக் கூடாது. வரிசையா எல்லார்கிட்டயும் சம்மதம் வாங்கிட்டேன்.

ஆனா பெனி, அந்த இருபதுல ஒண்ணு. அது அன்னைக்கு வராதுன்னு நீ எப்படிச் சொல்லலாம்? நீதானே எனக்கு, கணக்குக்கு நாள் நேரம் தெரியாதுன்னு சொல்லிக் கொடுத்தே?

கோகோவை நல்லாக் கட்டி வைக்கச் சொல்லு.

உன் அண்ணன்,
மலாக்கி

---

சவாயி
மே 17, ஞாயிறு

அண்ணே,

உன் கேப்டன் கேக்கற கேள்வி வேற, நான் கேக்கற கேள்வி வேற! அவன் என்ன நெனைக்கறான்? உன் பொறந்தநாளோட ஒத்துப்போறவன் ஒருத்தன் வேணும்னு தேடறான். அப்படின்னா அவன் சொல்றதைவிடவும் அதிகமாவே ஆள் வேணும். எனக்கு நீதான் வேணும்னு இல்லையே. யாரோ ரெண்டு பேர், எந்தத் தேதியோ. அவ்வளவுதான்.

இப்படிப் பாரு. மேட்ச் முடிஞ்சு ஒரு டீம்ல இருபத்திமூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் கை குலுக்கறீங்க. எத்தனை குலுக்கல்? 253. ஒவ்வொரு குலுக்கலும் "நீ என்னிக்குப் பொறந்தே?"ன்னு ஒரு கேள்வி. அதுவே பாதிக்குப் பாதியைத் தாண்டிடுது. ரெண்டு டீமும் கலந்து நாப்பத்தாறு பேர் குலுக்கினா 1035! ஆளு ரெண்டு மடங்கு, குலுக்கல் நாலு மடங்கு. ஆயிரத்துக்கு மேல தட்டிப் பார்த்தா ஒரு கதவாவது திறக்காதா?

இதை ராத்திரி நானா போட்டுப் பார்த்தப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. யாரும் சொல்லித் தரலை அண்ணே. நானே குலுக்கிக் கண்டுபுடிச்சேன்!

இன்னொண்ணு. உன் கேப்டன் தொடர்ந்து டாஸ் தோத்துட்டே இருக்கான், அதனால இந்தத் தடவை அவனுக்குத்தான்னு போன தடவை பீத்திக்கிட்டான்ல? காசுக்கு ஞாபக சக்தி கெடையாதுன்னு சொல்லு. பாவம் பார்த்தெல்லாம் விழாது.

இருபதுல ஒண்ணைப் பத்திக் கேட்டே. தாண்டிப் போறேன், கண்டுக்காத.

ஜூன் ஒண்ணு! வா!

பெனினா

---

சவாயி
ஜூன் 2, செவ்வாய்

அண்ணே,

நீ கப்பல் ஏறிட்டே. நான் உன்னை வழியனுப்பக்கூட வரலை.

நீயும்தான் பார்த்தே, இருந்தாலும் எழுதறேன், எழுதலேன்னா இன்னைக்குத் தூக்கம் வராது. மொத்தப் பாயும் மூடியா மின்னுச்சு. நான் ஒவ்வொருத்தனையா "உன் பொறந்தநாள் எது?"ன்னு கேக்க, அவன் வந்து அவன் கட்டத்துல மூடி வைக்க, புள்ளைங்க பாயைச் சுத்தி எம்பி எம்பிப் பார்க்க. மார்ச்ல நாலு மூடி வரிசையா விழுந்தப்ப நான் குனிஞ்சு கட்டம் கட்டமாப் பார்த்தேன். நாலும் நாலு கட்டம். கடைசி மூலையில டிசம்பர் முப்பதுல உன் மூடி, முப்பத்தொண்ணுல செமிசி மூடி. பக்கத்துப் பக்கத்துல, உரசிக்கிட்டு. நாப்பத்தாறு மூடி, நாப்பத்தாறு கட்டம்.

பின்னாடி ஒருத்தர், "ஃபோன்ல படிச்ச படிப்பு இவ்வளவுதான்"னார். போதகரம்மா திட்டலை. கையை நீட்டினாங்க. சாவியைக் கொடுத்துட்டேன். ஒரு குட்டிப் பொண்ணு என் பாவாடையைப் புடிச்சுட்டு, "அக்கா, அப்ப சனிக்கிழமை?"ங்கறா.

லைவ் வேற போட்டிருந்தேன்ல. கமெண்ட் பூரா சிரிப்பு. பக்கத்தை மூடிட்டேன்.

கணக்கு தப்பில்ல அண்ணே. எனக்குத் தெரியும், அதுதான் இன்னும் வலிக்குது. அந்த ஒண்ணு வராதுன்னு சொன்னேன் பாரு, அதுதான் தப்பு.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாத.

பெனினா

---

பாங்கோ பாங்கோ
ஜூன் 1, திங்கள்

பெனி,

எழுதாதன்னு சொன்னே. எழுதறேன்.

கப்பல்லேர்ந்து இறங்கினா இங்க திரும்பவும் ஜூன் ஒண்ணு. உனக்கு முடிஞ்சு போன அதே நாளை நான் ரெண்டாவது தடவையா வாழ்ந்துட்டு இருக்கேன். இந்தத் தடவை மேட்ச் இல்ல, ஹால் இல்ல, பாய் இல்ல. ஷிஃப்ட் மட்டும்தான். நேத்து நடந்தது, அதாவது இன்னைக்கு நடந்தது, என்னை விடலை.

கப்பல்ல என்ன நடந்துச்சு தெரியுமா? எங்க கேப்டன் டெக்ல உக்காந்து விரல் மடக்கிட்டு இருந்தான். "என்னடா"ன்னேன். "குலுக்கல் எண்ணறேன். உன் தங்கச்சி சொன்னது சரியா வருதுடா"ன்னான். சிரிக்கலை அவன்.

எல்லார் முன்னாடியும் நிமிர்ந்து நின்னு, மூடி ஒண்ணொண்ணா விழறவரைக்கும் கண்ணை எடுக்காம, தோத்ததும் சாவியை நீயே எடுத்து நீட்டின பாரு. நாங்க மேட்ச் தோத்தா நடுவரைத் திட்டுவோம். நீ யாரையும் திட்டலை.

பதில் போடு.

மலாக்கி

---

பாங்கோ பாங்கோ
ஜூன் 19, வெள்ளி

தங்கச்சிக்கு,

இன்னும் பதில் இல்ல. உன் பெரியம்மா தினம் கேக்கறாங்க, "அந்தப் பொண்ணு சாப்பிடுதா?"ன்னு. எனக்கென்ன தெரியும்.

ஒரு சேதி மட்டும். ஃபேக்டரியில சாப்பாட்டு நேரத்துல உன் கணக்கைப் போட ஆரம்பிச்சுட்டோம். பாய் கெடையாது, டப்பா அட்டையில கட்டம். மூடிக்குப் பதில் மீன் முள்ளு, நாத்தம் தாங்கலை. ஒவ்வொரு வரிசையா நாப்பத்தாறு பேரைப் புடிக்கறோம். இதுவரைக்கும் ஒரு வரிசைகூட ஜோடி இல்லாமப் போகலை. ஒரு வரிசையில மூணு ஜோடி! சூப்பர்வைசரும் மீனை நறுக்கற ஒரு பாட்டியும் ஒரே நாள், அன்னையிலேர்ந்து ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் வணக்கம் சொல்லிக்கறாங்க.

"இதை யார் சொல்லிக் கொடுத்தா?"ன்னு எல்லாரும் கேக்கறாங்க. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "என் தங்கச்சி, சவாயியில"ங்கறேன்.

அந்த இருபதாவது தடவை உன் மேட்ச் அன்னைக்கே ஏன் வந்துச்சுன்னுதான் எனக்குப் புரியலை.

மலாக்கி

---

பாங்கோ பாங்கோ
ஜூலை 17, வெள்ளி

பெனி பெனி பெனி,

நீ பதில் போடாட்டியும் பரவாயில்ல, உக்காந்து படி. நின்னுட்டுப் படிக்காத.

செமிசி அவங்க அத்தையைப் பார்க்க இங்க வந்திருக்கான். எங்ககூட பயிற்சிக்கு வந்தான். முடிஞ்சு எண்ணெயில பொரிச்ச பனிகேகே உருண்டையைத் தின்னுட்டு உக்காந்திருந்தோம். எனக்கு வாய் அரிப்பு. "என் பொறந்தநாளைத்தானேடா உங்க நாடு கடல்ல தூக்கிப் போட்டுச்சு"ன்னு வழக்கம்போல ஆரம்பிச்சேன்.

வாய் நெறய பனிகேகேயோட செமிசி சொல்றான்: "உனக்கென்ன, நீ இங்க இருந்தே. கேக்காவது கெடைச்சுது. எனக்குத்தானே போச்சு."

"உனக்கு என்னடா போச்சு?"

"என் பொறந்தநாள்."

"நீ முப்பத்தொண்ணுடா. உன் மூடி என் மூடியை உரசிட்டு இருந்துச்சே."

"அது கேக் வெட்டற நாளு."

எல்லாரும் தின்னறதை நிறுத்திட்டோம். அவன் மட்டும் நிறுத்தலை. "எனக்கு அப்ப ஏழு முடியுது. 'தூங்குடா, எந்திரிச்சா பொறந்தநாள்'னு அம்மா சொன்னாங்க. எந்திரிச்சா முப்பத்தொண்ணு. என் நாளைக் காணோம். ஊரைக் கூட்டி அழுதேன். 'இன்னைக்குத்தான்டா உன் நாள், அது இங்க நகந்து வந்துருச்சு'ன்னு அம்மா கேக்கை வெட்டிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி ஊர் பூரா புது வருஷ மூங்கில் வெடி. எல்லாம் எனக்காகன்னு நெனச்சேன். அப்புறம் எவன்டா முப்பதாந்தேதிக்குத் திரும்பிப் போவான்?"

"செமிசி. அம்மா வயித்துலேர்ந்து நீ எறங்கினது என்னிக்கு?"

"எறங்கினது முப்பதுதான். பெனினா என்ன கேட்டா? உன் பொறந்தநாள் எதுன்னா. என் பொறந்தநாள் முப்பத்தொண்ணு."

பெனி, அவன்மேல கோவப்பட முடியலை. எங்க கேப்டன்தான் மொதல்ல எந்திரிச்சான். ஜெயிச்ச மாதிரி மைதானத்தைச் சுத்தி ஓடிட்டான், முட்டாப்பய. நானும் ஓடினேன். செமிசிக்கு எதுக்கு ஓடறோம்னே தெரியாம அவனும் ஓடினான்.

ஜோடி இருந்துச்சு. நானும் அவனும். உன் இருபதாவது தடவை அன்னைக்கு வரவே இல்ல.

விவரம் சொன்னதும் அழுதுட்டான். திரும்பி வந்ததும் ஊர் முன்னாடி அவனே எந்திரிச்சு சொல்றானாம். நீ தடுக்காத.

பெருமையில தலை கால் தெரியாத உன் அண்ணன்,
மலாக்கி

---

சவாயி
ஜூலை 27, திங்கள்

அண்ணே!!!

சாவி என் கையில இருக்கு!!!

இத்தனை நாள் எழுதாம இருந்ததுக்கு என்னைத் திட்டு, அப்புறமா. உன் கடிதம் எல்லாத்தையும் படிச்சேன். மீன் முள்ளு கடிதத்தை மட்டும் எத்தனை தடவைன்னு கேக்காத.

நேத்து ஆராதனை முடிஞ்சதும் செமிசி எந்திரிச்சான். இடுப்புல வேட்டி மாதிரி வெள்ளை லாவலாவா, கைல பாட்டில் மூடி. "நான் டிசம்பர் முப்பது. எங்க அம்மா சாட்சி"ன்னு சொல்லி உக்காந்துட்டான். பின் பெஞ்சுலேர்ந்து அவங்க அம்மா, "அவன் அழுத அழுகைக்கு வேற என்ன செய்யச் சொல்றீங்க!"ன்னாங்க. சர்ச்சே சிரிச்சுது. அப்புறம் ஒரு பெருசு, "ஆமாம்ல, அந்த வெள்ளிக்கிழமை"ன்னு ஆரம்பிக்க, அன்னைக்குக் கல்யாண நாள் போனவங்க, சம்பளம் போனவங்கன்னு ஆளாளுக்குக் கதை.

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் ஜெயிச்சுட்டேன்னு சொல்லணும்னு எதிர்பார்த்தாங்க. எந்திரிச்சேன்.

"போதகரம்மா, ஜோடி கெடைச்சதால என் கணக்கு சரியாயிடலை. கெடைக்காமப் போயிருந்தாலும் அது தப்பாயிருக்காது. இருபதுல ஒரு தடவை கெடைக்காதுன்னு அதே கணக்குதான் சொல்லுது. அது அன்னைக்கு வராதுன்னு நான் சொன்னதுதான் திமிர். இன்னொண்ணு, நான் கேள்வியைத் தப்பாக் கேட்டேன். நம்ம ஊர்ல நெஜமாப் பொறந்த நாள் வேற, கேக் வெட்டற பொறந்தநாள் வேறன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. நாடே ஒரு நாளை முழுங்கினது தெரிஞ்சும் அதைக் கணக்குல சேர்க்கலை."

போதகரம்மா எந்திரிச்சு என் பக்கத்துல வந்தாங்க. "சூதாடறவன் தோத்ததை ஒளிப்பான், ஜெயிச்சதை ஊரெல்லாம் சொல்வான். நீ ஜெயிச்சும் ஜெயிப்பில்லங்கறே. இது சூது இல்லடி. வேற ஏதோ வியாதி. புள்ளைங்களுக்கும் தொத்தட்டும்"னு சொல்லிட்டு சாவியை நீட்டினாங்க. சாவியோட ஒரு பழைய டப்பா. தெறந்தா நாப்பத்தாறு மூடி. குப்பைக்குப் போகவே இல்ல அண்ணே!

பக்கத்தையும் திரும்பத் தெறந்துட்டேன். இந்தக் கடிதத்தை அப்படியே அதுல போடப் போறேன். நீயும் சாப்பாட்டு நேரத்துல ஃபேக்டரியில சத்தமாப் படி. கேப்டனைப் படிக்கச் சொன்னா இன்னும் நல்லது, அவன் குரல் பெருசு.

டிசம்பர் முப்பது, எங்க ஹால். நீ வர்றே. உங்க டீமும் வருது. காலையிலேர்ந்து புதிர், மத்தியானம் தேங்காப்பால் ஊத்தி வேக வெச்ச சேப்பங்கீரைப் பலுசாமி, சாயங்காலம் உனக்கும் செமிசிக்கும் ஒரே கேக். ராத்திரி நீ கப்பல் ஏறறப்ப செமிசியையும் கூட்டிட்டுப் போ. விடியறப்ப பாங்கோ பாங்கோவுல இறங்கினா அங்க என்ன தேதி? திரும்பவும் டிசம்பர் முப்பது! அந்த ரெண்டாவது கேக்ல மெழுகுவத்தி ஏழுதான் வைக்கணும். அவனுக்கு வராமப் போன நாளு, முழுசா, காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் அவனுக்கு வரட்டும்.

இதைப் படிக்கற எல்லாருக்கும்: எந்த ஊரா இருந்தாலும் பரவாயில்ல, உங்க தேதியை அனுப்புங்க. உங்க தெருவுல, ஷிஃப்ட்ல, டீம்ல நாப்பத்தாறு பேரைக் கூட்டி மூடி வெச்சுப் பாருங்க, ஜோடி இருந்தாலும் எழுதுங்க, இல்லேன்னா கட்டாயம் எழுதுங்க. ஆனா ஒண்ணு, கேக் வெட்டற நாளைக் கேக்கலை. நீங்க பொறந்த நாளைச் சொல்லுங்க!

உன் தங்கச்சி,
பெனினா